பருந்தும் கீரியும் சுற்றும் இடத்தில் எந்தக் கோழி வளர்ப்பது?

தங்கை பாகூரில் இருக்கிறாள். வீட்டுக்குப் பின்னால் 40 சென்ட் நிலம், அதை ஒட்டி ஒரு வரப்பு, வரப்பைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் நெல் வயல். மார்கழியில் ஒரு நாள் காலையிலேயே போன் செய்தாள். "அக்கா, குஞ்சு வண்டி வந்து நிக்குது. வனராஜா இருக்காம், கிராமப்ரியா இருக்காம். 50 குஞ்சு வாங்கி விட்டுடட்டுமா? இல்ல, உன் வீட்டுக் கோழியிலேர்ந்தே நாலு புடிச்சிட்டு வரட்டுமா?"

வண்டியை அனுப்பிவிடு, யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஒரே வார்த்தையில் ஒரு இனத்தின் பெயரைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படி யாரோ சொன்ன ஒரு வார்த்தையை நம்பித்தான் நான் ஒரு முறை 33 கோழிகளைப் பறிகொடுத்தேன். அதனால் அவளுக்குச் சொன்னதை எல்லாம் இங்கே எழுதுகிறேன். கூண்டில் அடைத்துத் தீவனம் போட்டு வளர்ப்பவர்களுக்கு இது அவ்வளவாகப் பயன்படாது. காலையில் திறந்துவிட்டு, பகலெல்லாம் மேயவிட்டு, பொழுது சாய்ந்ததும் அடைக்கிறவர்களுக்காக எழுதியது.

நான் இருப்பது பண்ருட்டிக்குத் தெற்கே, முந்திரித் தோப்புக்கு நடுவில். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது கோழி வளர்ப்பு முழுக்க அத்தையின் கையில் இருந்தது. என் மாமியாரைத்தான் சொல்கிறேன். இன்றைக்கு எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் சொல்லிக் கொடுத்தது, மீதி கோழிகள் செத்துச் சொல்லிக் கொடுத்தது.

கோழி இனங்களைப் பற்றிய துண்டறிக்கைகளை எடுத்துப் பாருங்கள். வருடத்துக்கு எத்தனை முட்டை, எத்தனை வாரத்தில் எத்தனை கிலோ என்று இரண்டு கணக்குதான் பெரிதாக இருக்கும். அந்தக் கணக்கில் நாட்டுக்கோழி எப்போதும் கடைசி. எங்கள் சிறுவிடை, அதாவது சின்ன உடம்பு நாட்டுக்கோழி, வருடத்துக்கு 60 முட்டை வைத்தால் அதிகம். வனராஜாவுக்கு 100, 110 என்று போட்டிருக்கும், கிராமப்ரியாவுக்கு 160-க்கு மேல். யார் பார்த்தாலும் கிராமப்ரியா என்றுதான் சொல்வார்கள். ஆனால் கீரி பிடித்துக்கொண்டு போன கோழி முட்டை வைக்காது. திறந்த வெளியில் மேய்கிற கோழிக்கு நான் பார்க்கிற கணக்கு வேறு: தரையில் விட்ட 10 குஞ்சில் மூன்று மாதம் தாண்டுவது எத்தனை? தாண்டியதில் அடுத்த பொங்கலுக்கு உயிரோடு இருப்பது எத்தனை? இதற்குப் பதில் இனத்தைப் பொறுத்தும் மாறும், உங்கள் இடத்தில் சுற்றுகிற திருடனைப் பொறுத்தும் மாறும். அதனால் திருடன் யார் என்று தெரிந்துகொள்ளாமல் குஞ்சு வாங்காதீர்கள்.

அதைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. பட்டப்பகலில் ஒரு குஞ்சு சத்தமே இல்லாமல் குறைந்து, இறகுகூடக் கிடக்காவிட்டால் பெரும்பாலும் பருந்து, வைரி அல்லது காகம். பகலில் புதர் ஓரமாக ஒரு பெட்டை கழுத்தில் கடிபட்டுக் கிடந்தால் கீரி. கீரி பகலில்தான் வேட்டையாடும், ராத்திரி அதைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. ராத்திரி கூட்டுக்குள் புகுந்து கொன்றுபோட்டுவிட்டு, தலையையும் கழுத்தையும் தின்றுவிட்டு மிச்சத்தை விட்டுப் போனால் மரநாயைச் சந்தேகப்படலாம். பலா பழுக்கிற காலத்தில் எங்கள் பக்கம் அதன் நடமாட்டம் அதிகம். கோழியே காணாமல் போய், இறகு மட்டும் வழிநெடுகச் சிந்தியிருந்தால் நரி அல்லது காட்டுப்பூனை. ஒரே நேரத்தில் ஏழெட்டுக் கோழி செத்துக் கிடந்து, ஒன்றையும் தின்னாமல் விட்டிருந்தால் அது தெருநாய். காட்டு விலங்கின் மேல் பழியைப் போடுவதற்கு முன்னால் இதைக் கவனியுங்கள், எங்கள் ஊரில் கோழி இழப்பில் பெரும் பங்கு நாயால்தான். முட்டை ஓடுகூட இல்லாமல் மறைந்தால் பாம்போ உடும்போ. குஞ்சின் காலைக் கடித்துப் பொந்துக்குள் இழுத்திருந்தால் பெருச்சாளி.

இப்போது இடத்தைப் பார்ப்போம். எங்கள் முந்திரித் தோப்பில் கிளைகள் தரையைத் தொடுகிற மாதிரி கவிந்திருக்கும். அடியில் காய்ந்த சருகு மெத்தை, அதைக் கிளறினால் கறையானும் பூச்சியும். பருந்துக்கு அதற்குள் பாய வழியில்லை. ஆனால் கீரிக்கும் நரிக்கும் காட்டுப்பூனைக்கும் அதுவே நல்ல மறைவு. பாகூர் வயல்வெளியில் இது தலைகீழ். அறுவடை முடிந்தால் ஒதுங்க ஒரு புதர் கிடையாது, வானம் முழுக்கத் திறந்து கிடக்கும். கடலூர் முதுநகர், தேவனாம்பட்டினம் மாதிரி கடலோரத்தில் மீன் இறங்குகிற இடமெல்லாம் பருந்தும் செம்பருந்தும் காகமும் கூட்டமாகச் சுற்றும். அங்கே குஞ்சு வளர்ப்பவருக்கு நரியைவிட வானம்தான் பெரிய கவலை. கெடிலம், தென்பெண்ணைக் கரையில் நாணல் புதரை ஒட்டி வீடு இருந்தால் கீரியும் உடும்பும்.

மேலே மறைவு இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதை எனக்குப் புரியவைத்தது தானே புயல். 2011 டிசம்பர் 30-ம் தேதி அது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தபோது எங்கள் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அதற்கடுத்த கோடையில் பருந்து எங்கள் குஞ்சுகளைத் தூக்கியதுபோல் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, மரங்கள் மறுபடி தழைத்த பிறகும் பார்த்ததில்லை. அதே பெட்டைகள்தான், அதே சேவல்தான். தலைக்கு மேல் இலை இல்லை, அது ஒன்றுதான் வித்தியாசம். அத்தை தென்னை மட்டையையும் விறகுக் கட்டையையும் ஆங்காங்கே சாய்த்துவைத்துக் குஞ்சுகள் ஓடி ஒளிய இடம் செய்தார். இனத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும்: மறைவே இல்லாத கட்டாந்தரையில் எந்த இனத்தை விட்டாலும் குஞ்சு மிஞ்சாது.

சரி, இனங்களுக்கு வருகிறேன்.

சிறுவிடையைப் பற்றி அதிகம் எழுதுவேன், ஏனென்றால் அதோடுதான் அதிகம் வாழ்ந்திருக்கிறேன். பெட்டை பெரும்பாலும் ஒன்றேகால் கிலோவைத் தாண்டாது. உடம்பு சிறியது, கால் மெலிந்தது, இறக்கை உடம்புக்குப் பொருத்தமானது. நாய் துரத்தினால் ஓடிப் பார்க்காது, நேராக எழும்பி முருங்கைக் கிளையில் போய் உட்கார்ந்துவிடும். கீரி நிறம், மயில், பூதி என்று நாங்கள் சொல்கிற நிறங்கள் எல்லாம் செம்மண்ணிலும் சருகிலும் ஒன்றிப்போகும். அடையில் கிடக்கிற பெட்டையை நான் பலமுறை மிதிக்கிற தூரத்துக்குப் போன பிறகுதான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அதன் உண்மையான பலம் தாய்மை. 12, 13 முட்டை வைத்து அடைவைத்தால் 21 நாள் அசையாமல் கிடக்கும். பொரித்த பிறகு இரண்டு மாதம்வரை குஞ்சுகளைவிட்டு நகராது. கோழிகள் வானத்திலிருந்து வரும் ஆபத்துக்கு ஒரு குரலும் தரையில் வரும் ஆபத்துக்கு வேறு குரலும் கொடுக்கும். வானத்தில் நிழல் ஓடினால் நீளமாக ஒரு மெல்லிய சத்தம், உடனே குஞ்சுகள் எல்லாம் புதருக்குள் போய் உறைந்துபோகும். கீரி வந்தால் விட்டுவிட்டுக் கேறும், அப்போது குஞ்சுகள் கலைந்து ஓடும். எந்த நேரத்தில் ஒளிவது, எந்த நேரத்தில் ஓடுவது என்பதைக் குஞ்சுகள் தாயின் பின்னால் திரிந்து பழகுகின்றன. காகம் தாழ்ந்து வந்தால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஓர் ஆள் உயரத்துக்கு எகிறி விழும் பெட்டையை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஒரு கிலோ எடைக்கு வர ஐந்து, ஆறு மாதம் ஆகும். முட்டை சிறியது. அடை கிடக்கிற நாளும் குஞ்சோடு திரிகிற நாளும் போனால் வருடத்தில் பாதிக்கு மேல் முட்டையே கிடையாது. தினமும் வீட்டுக்கு முட்டை வேண்டும் என்பவருக்கு இது ஏமாற்றம் தரும். அப்புறம், மரத்தில் ஏறி அடைகிற பழக்கம் இருக்கிறதே, அது நாய்க்கும் நரிக்கும் எதிராகக் காப்பாற்றும், மரநாயிடம் காப்பாற்றாது. இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. கிளையில் உட்கார்ந்த இடத்திலேயே பிடிபட்டுவிடும்.

ஒரு சிறுவிடைப் பெட்டை வருடத்துக்கு மூன்று தடவை குஞ்சு பொரித்து, ஒவ்வொரு தடவையும் 10 குஞ்சில் ஐந்தாறு தேறினால் 15-லிருந்து 18 உருப்படி. எங்கள் தோப்பில் நல்ல வருடத்தில் இந்த அளவுக்கு வந்திருக்கிறது. அதில் சேவல்களுக்கு ஆடி மாதம் கூழ் ஊற்றும்போதும் குலதெய்வத்துக்குப் படைக்கும்போதும் வீட்டு வாசலுக்கே வந்து விலை கேட்பார்கள். அடுத்த வருடத்துக்குக் குஞ்சு வாங்க வேண்டியதில்லை, கோழியே கோழியைத் தந்துவிடும். திருடன் உள்ள ஊரில் இந்தக் கடைசி விஷயம்தான் எனக்குப் பெரிது. இழப்பு வரத்தான் செய்யும். இழந்ததைத் தானாக ஈடுகட்டுகிற கோழி எது என்பதுதான் கேள்வி.

பெரிய உடம்பு நாட்டுக்கோழியான பெருவிடையும் சண்டைக்கோழியான அசீலும் அடுத்து. சேவல் மூன்று, நான்கு கிலோ வரும், பெட்டையே இரண்டு கிலோவுக்கு மேல். நீண்ட கால், இறுகிய உடம்பு, பயம் என்பது தெரியாது. அசீல் தாய் கீரியை எதிர்த்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். குஞ்சோடு இருக்கும் பெட்டை வீட்டு நாயைக்கூட நெருங்கவிடாது. இவ்வளவு தைரியம் இருந்தும் நான் இதை முதல் தேர்வாகச் சொல்வதில்லை. ஓட வேண்டிய இடத்தில் அது நிற்கிறது. கீரி ஒன்று என்றால் சரி, இரண்டு தெருநாய் சேர்ந்து வந்தால் எதிர்த்து நின்ற கோழிதான் முதலில் போகும். கனமான உடம்பு என்பதால் உயரமாகப் பறக்கவும் முடியாது. கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்று பழமொழி இருக்கிறது. ஆனால் மூன்று கிலோப் பெட்டை அடையில் ஏறி இறங்கும்போது முட்டை உடைவதையும் முதல் நாள் குஞ்சு நசுங்குவதையும் கண்ணால் பார்த்துவிட்டேன். முட்டையும் வருடத்துக்கு 40-ஐ ஒட்டித்தான். சேவல்கள் ஒன்றையொன்று விடாது, குஞ்சுகள்கூட ஒரு மாதத்திலேயே அடித்துக்கொள்ளும். அதோடு இந்த இனத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு திருடன் உண்டு, இரண்டு காலில் வருவான். நல்ல அசீல் சேவல் வைத்திருக்கிற வீடு எது என்று ஊரே அறியும், பொங்கல் நெருங்கினால் ராத்திரி தூக்கம் போய்விடும். இடம் சுற்றி வேலி போட்டு, எண்ணிக்கை குறைவாக, நல்ல விலைக்கு விற்கிற எண்ணத்தில் வளர்ப்பவருக்கு அசீல் பொருந்தும். அசீலும் சிறுவிடையும் கலந்த பெட்டை ஒன்று கிடைத்தால் விடாதீர்கள், எங்கள் வீட்டில் இதுவரை இருந்த தாய்களில் சிறந்தது அப்படிப்பட்ட ஒரு கலப்புதான்.

இனி என்னுடைய 33 கோழிகளின் கதை. வனராஜா, கிராமப்ரியா இரண்டும் ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி நிறுவனம் புழக்கடை வளர்ப்புக்கென்றே உருவாக்கியவை. பெங்களூரில் உருவான கிரிராஜாவும் அதே நோக்கத்துக்குத்தான். இவற்றைப் பற்றிய அறிக்கைகளில், கால் நீளமாக இருப்பதால் எதிரியிடமிருந்து தப்பிக்கும் என்று எழுதியிருக்கும். பிராய்லரோடு ஒப்பிட்டால் அது உண்மை. நான் ஒரு குஞ்சுப் பண்ணையிலிருந்து 40 வனராஜா வாங்கினேன், நான்கு வார வயது. விற்றவர், "நாயே வந்தாலும் பறந்துடும்மா, கவலையே படாதீங்க" என்றார். நம்பினேன்.

அவை நல்ல கோழிகள், நோய் அண்டவில்லை, பார்க்க அழகு. ஆனால் பல்பு வெளிச்சத்தில் தாயில்லாமல் வளர்ந்தவை. தோப்பில் எது அசைந்தாலும் தீவனம் வருகிறது என்று நினைத்து அதை நோக்கி ஓடின. கீரி அசைந்தாலும் அப்படித்தான். சேவல் குரல் கொடுக்கும்போது என் சிறுவிடைகள் எல்லாம் முந்திரிக்கடியில் ஒளிந்திருக்கும், இவை வெளியில் நின்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். சாயங்காலம் ஏறி அடையத் தெரியாமல் சுவரோரமாகத் தரையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உட்காரும். நான் தினமும் தூக்கி உள்ளே விடுவேன். ஒரு நாள் விருத்தாசலத்தில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டு இருட்டின பிறகு வந்தேன். நாய்கள் 11-ஐக் கடித்துப் போட்டிருந்தன. ஆறாவது மாதம் முட்டைக்கு வந்தபோது மிஞ்சியது ஏழு. அந்த ஏழும் நன்றாக முட்டை வைத்தன, ஒன்றும் அடை கிடக்கவில்லை. குஞ்சு வேண்டுமென்றால் மறுபடி பண்ணைக்குத்தான் போக வேண்டும்.

இதில் இனத்தின் மேல் மட்டும் பழி போடமாட்டேன். வில்லியனூர் பக்கம் என் நாத்தனார் வீட்டில் சுற்றிலும் ஆறடி மதில், உள்ளே கொய்யாவும் மாவும் நிழல் தருகின்றன. அதே வனராஜா அங்கே இரண்டு வருடமாகச் சேதமில்லாமல் இருக்கிறது. மதில் நாயையும் நரியையும் நிறுத்துகிறது, மரம் பருந்தை நிறுத்துகிறது, கோழி தன் வேலையைப் பார்க்கிறது. முட்டையும் கறியும் இரண்டும் வேண்டும், வேலி இருக்கிறது என்றால் வனராஜா நல்ல தேர்வு. அதற்கு வெளித்தீவனத்தை அளவோடுதான் போட வேண்டும். அதிகம் போட்டால் கொழுத்துப்போய் முட்டையும் குறையும், ஓட்டமும் குறையும்.

வேலி அரைகுறை, ஆனால் முட்டைதான் முக்கியம் என்றால் வனராஜாவைவிட கிராமப்ரியாவை எடுப்பேன். உடம்பு இலேசானது, சுறுசுறுப்பு கூடுதல், தாழ்வான கிளைக்காவது ஏறப் பழகிக்கொள்ளும். பழுப்பு நிற முட்டை, நாட்டு முட்டையைவிடப் பெரியது. இதுவும் அடை கிடக்காது என்பதை மறக்க வேண்டாம். கிரிராஜா உடம்பு கனமானது. திறந்த தோப்புக்கு அதை வேண்டாம் என்றே சொல்வேன்.

கருங்கோழிக்கு வருகிறேன். கடக்நாத் மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பக்கத்துக் கோழி, 2018-ல் புவிசார் குறியீடும் வாங்கியது. சுறுசுறுப்பானது, உஷாரானது, நன்றாகப் பறக்கும், கருப்பு நிறம் நிழலில் மறைந்துவிடும். தப்பிக்கிற திறமையில் சிறுவிடைக்குப் பக்கத்தில் வைக்கலாம். ஆனால் அடை கிடப்பதை நம்ப முடியாது, விற்பனைக்கு ஆள் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். சொன்ன விலையைப் பார்த்துக் குஞ்சு வாங்கி, வளர்ந்த பிறகு நாட்டுக்கோழி விலைக்கே கொடுத்தவர்கள் எங்கள் பக்கம் உண்டு.

வெள்ளை லெகார்ன் வேண்டாம். முட்டை ஏராளம், ஆனால் பச்சையிலும் செம்மண்ணிலும் அந்த வெள்ளை அரை மைல் தூரத்துக்குத் தெரியும். தலையில் இறகுக் கொண்டை அடர்ந்த கோழியைச் சந்தையில் அழகுக்காக வாங்குகிறார்கள். கொண்டை கண்ணை மறைப்பதால் மேலிருந்து வருவதை அது பார்க்காது. குட்டைக்கால் கோழிக்கு ஓட முடியாது. இவை இரண்டையும் வலைக்குள் வளர்க்கலாம், வெளியில் விடாதீர்கள்.

கிண்ணிக்கோழியை நான் கோழிக்குப் பதிலாகச் சொல்லவில்லை, கோழிக்குக் காவலாகச் சொல்கிறேன். நாலைந்து இருந்தால் போதும். பாம்போ கீரியோ புது மனிதரோ, எது வந்தாலும் ஊர் கேட்கிற மாதிரி கத்தும். அந்தச் சத்தத்துக்குக் கோழிகள் முன்கூட்டியே ஒதுங்கிக்கொள்ளும், நமக்கும் தெரிந்துவிடும். தன் குஞ்சைப் பார்த்துக்கொள்வதில் அது சுமார்தான். பனி ஈரத்தில் குஞ்சுகளை இழுத்துக்கொண்டு திரிந்து பாதியைக் குளிரில் இழந்துவிடும். அதன் முட்டையைக் கோழிக்கு அடியில் வைத்துப் பொரிக்கவைப்பதே நல்லது, 26-லிருந்து 28 நாள் ஆகும். பக்கத்து வீடு ஒட்டி இருக்கிற புதுச்சேரி நகர்ப் பகுதியில் அந்தச் சத்தம் சண்டையில் முடியலாம். தோப்பிலும் வயலிலும் தாராளமாக வைக்கலாம்.

எந்த இனமானாலும் ராத்திரிக்கு மட்டும் இனம் உதவாது. கூடு தரையிலிருந்து இரண்டு, மூன்று அடி உயரத்தில் கால் வைத்து நிற்க வேண்டும். கால்களில் வழுவழுப்பான தகரம் சுற்றினால் மரநாயும் பாம்பும் ஏறுவது சிரமம். கம்பி வலையின் கண் அரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. அகலமான கண் உள்ள வலையை வைத்தால் வெளியிலிருந்து காலையோ தலையையோ இழுத்துவிடும். குஞ்சுகளை முதல் ஆறு வாரம் பகலில் வலைக்குக் கீழே மேயவிட வேண்டும். அதற்கு ஒரு நல்ல வழி நம் மாவட்டத்தில் இருக்கிறது. கடலோரக் கிராமங்களில் கிழிந்த பழைய மீன்வலை மலிவாகக் கிடைக்கும். நாலு கம்பம் நட்டு மேலே கட்டினால் பருந்துக்கும் காகத்துக்கும் வழி அடைந்துவிடும். தேவனாம்பட்டினத்தில் இருக்கும் என் சித்தி மகன் வீட்டில் முற்றம் முழுக்க அப்படித்தான். வலை கட்டிய பிறகு ஒரு குஞ்சைக்கூடப் பருந்து தூக்கவில்லை.

கோபத்தில், வயலுக்குப் போடுகிற குருணைப் பூச்சிமருந்தைக் கறியில் கலந்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அதைத் தின்பது கீரி மட்டுமில்லை, உங்கள் நாயும் மயிலும் பருந்தும் தின்னும். கீரி, உடும்பு, காட்டுப்பூனை எல்லாம் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன, கொன்றால் குற்றம். கீரி இருக்கிற தோப்பில் எலியும் பாம்பும் குறைவாக இருப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். கூட்டைச் சரியாகக் கட்டினால் அது எலியைப் பார்த்துப் போய்விடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எல்லாத் திருடனையும் தடுத்துவிட்டு வெள்ளைக் கழிச்சல் என்ற தொற்றுநோய்க்கு மொத்தக் கூட்டத்தையும் கொடுத்தவர்கள் உண்டு. அதற்குத் தடுப்பு மருந்து ஏழாம் நாள் கண்ணில் சொட்டு, எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி. கால்நடை மருந்தகத்தில் கேட்டால் சொல்வார்கள். புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாப்பட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, கடலூரில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் இருக்கிறது. இனம் பற்றியும் கேட்டுப் பாருங்கள்.

இப்போது தங்கைக்கு வருகிறேன். அவள் வீட்டுக்கு தினமும் முட்டை வேண்டும், சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர். அதனால் சிறுவிடை மட்டும் என்று சொன்னால் அவளுக்குப் போதாது. வேலி இல்லை, திறந்த வயல், பருந்து அதிகம், தெருநாய் உண்டு. அதனால் கிராமப்ரியா 50 என்பதும் நடக்காது. இரண்டையும் சேர்த்து வைக்கிற ஒரு வழி அத்தை சொல்லிக் கொடுத்தது. அடை கிடந்து குஞ்சு பொரிக்கிற சிறுவிடைக்கு அடியில், பொரித்த அன்றே ராத்திரி இருட்டில், பண்ணையிலிருந்து வந்த ஒரு நாள் குஞ்சுகளில் ஏழெட்டைச் சத்தமில்லாமல் தள்ளிவிட வேண்டும். விடிந்ததும் தாய்க்கு எது தன் குஞ்சு என்று வித்தியாசம் தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்து முயன்றால் கொத்தி விரட்டிவிடும், அதனால் நாள் தவறக் கூடாது. அந்தக் குஞ்சுகள் தாயின் குரலுக்கு ஒளியப் பழகும், சருகைக் கிளறப் பழகும், சாயங்காலம் அவள் பின்னால் கூட்டுக்குள் ஏறும். என் வனராஜாக்களுக்குக் கிடைக்காமல் போனது அதுதான். வளர்ந்து முட்டை வைப்பது கிராமப்ரியா, அடுத்த தலைமுறைக்குத் தாய் சிறுவிடை.

ஆகவே அவளுக்கு நான் சொன்னது இது: என்னிடமிருந்து இரண்டு சிறுவிடைப் பெட்டை, நன்றாகக் குரல் கொடுக்கிற ஒரு சேவல், கிராமப்ரியா 15 மட்டும். 50 வேண்டாம். பின்பக்கம் வரப்போரமாக அகத்தியும் முருங்கையும் நட்டு, அவை வளரும்வரை தென்னை மட்டைப் பந்தல். பருந்து கூட்டில் குஞ்சு வைத்திருக்கிற காலம் இது, இப்போது இன்னும் துணிச்சலாக இறங்கும். ஐப்பசி மழையில் குஞ்சு விடுவதைவிட இது பரவாயில்லை, ஆனால் வலை இல்லாமல் ஒரு நாள்கூடக் கூடாது. வலையைச் சித்தி மகன் போன வாரமே வண்டியில் போட்டு அனுப்பிவிட்டான், தங்கை வீட்டுக்காரர் கம்பம் நட்டுக்கொண்டிருக்கிறார்.

என்னிடம் கீரி நிறப் பெட்டை ஒன்றும் கருப்பு ஒன்றும் ஒரே நாளில் அடை வைத்தவை, இன்றைக்கு 13-வது நாள். 21-வது நாள் காலையில் 15 கிராமப்ரியாக் குஞ்சுகள் என் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று பண்ணையில் சொல்லியாயிற்று. அன்று ராத்திரி இரண்டு பெட்டைகளுக்கும் அடியில் பிரித்துத் தள்ளிவிடுவேன், பிறகு ஒரு வாரம் இங்கேயே பஞ்சாரத்தில் இருக்கட்டும். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை தங்கை மதகடிப்பட்டு சந்தைக்கு வருகிறாள். அங்கேயே இரண்டு பெரிய மூங்கில் கூடை வாங்கிக்கொண்டு, அப்படியே இங்கே வரச் சொல்லியிருக்கிறேன்.